குரலுக்குப் பிடித்த தாள்

அந்த ஊரில் தங்கள் குரலை டிஸ்க்கில் பதிந்து கொடுப்பவர்கள், பிறகு அந்தக் குரலுக்குப் பிடித்த மாதிரி டிஸ்க்குக்கு ஓர் உறை செய்து போட வேண்டும். அதுவரை குரல் டிஸ்க்கிலேயே தங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு மாலை நேர வேலை. ஜவுளிக்கடைக்குத் தள்ளுபடி விளம்பரம் பேசியவரின் குரல் பழைய காலண்டர் தாளுக்கே சம்மதித்து, இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிட்டது.

வளர்மதியின் குரல் மட்டும் எதற்கும் ஒப்பவில்லை. பேருந்து நிலைய அறிவிப்புக்காக ஊர்ப் பெயர்களையெல்லாம் பேசிக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து, அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டிஸ்க் சாப்பாட்டு மேசையில் தட்டுகளுக்கு நடுவே கிடந்து பேசியது.

முதலில் வீட்டிலிருந்த இங்க்ஜெட் பிரிண்டரில், ஜெராக்ஸ் எடுக்கும் வெள்ளைத் தாளில் ஓர் உறை அச்சடித்தாள். சிவப்புப் பேருந்து, கீழே அவள் பெயர். மை பரவியதில் பேருந்துக்கு மீசை முளைத்திருந்தது.

"தாளா இது? பின்னாடி அடிச்சது முன்னாடி தெரியுது," என்றது குரல். "இதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னால எப்படி நிக்கிறது?"

வளர்மதிக்கு அது நியாயமாகவே பட்டது. நாலு பேர் முன்னால் நிற்பது அவளுக்கும் சிரமம்தான்.

கணவன் தவமணி பளபளப்பான போட்டோ தாள் வாங்கி வந்தான். அலுவலகத்திலிருந்து லேசர் பிரிண்டரை இரவல் தூக்கி வந்தான். அந்தத் தாள் இங்க்ஜெட்டுக்கு உரியது. லேசரின் சூட்டில் மேல்பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொண்டது. குரலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால் காய்ச்சி டிஸ்க் அருகில் வைத்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்று கரகரத்தது குரல்.

"எங்க சொன்ன? பளபளன்னு நல்லாருக்குன்னுதானே சொன்ன!"

"நல்லாருக்குன்னு சொன்னா வாங்குன்னு அர்த்தமா?"

தவமணி எப்போதும் மனைவியிடம் பேசுவதுபோலத்தான் டிஸ்க்கிடமும் பேசினான். வளர்மதி பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

கல்யாணப் பத்திரிகை அட்டையில் அச்சடித்துப் பார்த்தாள். மடிக்கிற இடத்தில் அட்டை வெடித்தது. டிஸ்க் பெட்டி மூடவில்லை. குரல், தனக்கு விறைப்பான துணியே ஆகாது என்றது.

இதற்கிடையில் குழந்தை சஹானா டிஸ்க்கை விட்டு நகரவில்லை. "அம்மா, இன்னொரு பஸ் சொல்லு," என்பாள். ஆண்டிபட்டி வழியாக உசிலம்பட்டி போய்ச் சேர்வதற்குள் தூங்கிவிடுவாள். ஒருநாள் காலை வளர்மதியின் சேலையைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, தண்ணி," என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

வளர்மதி தண்ணீர் கொடுத்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. தண்ணீர் வீணாகிறதே என்று குழாயை மூடிவிட்டாள்.

அன்றே கடைக்குப் போய், ஒவ்வொரு தாளையும் விரலால் தடவிப் பார்த்து, பளபளப்பில்லாத மேட் தாள் ஒன்றை எடுத்தாள். மடித்தால் மடிந்தது, விட்டால் நின்றது. இங்க்ஜெட்டில் பேருந்து மீசையில்லாமல் வந்தது. டிஸ்க்கை அந்த உறைபோட்ட பெட்டியில் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, வளரு," என்றது குரல். "ஆனா பிடிக்கலைன்னுதான் சொல்லுவேன். உன்கிட்ட வந்துட்டா நீ போற இடமெல்லாம் நானும் வரணும். இங்கன்னா நாள்பூரா சஹானாகூட இருக்கேன்."

வளர்மதியிடம் இதற்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. அடுப்படிக்குப் போய் அப்பளம் பொரித்தாள்.

சஹானா மிச்சமிருந்த போட்டோ தாளை இங்க்ஜெட்டில் தலைகீழாகச் செருகிப் பொத்தானை அமுக்கினாள். பின்பக்கத்தில் மை இறங்காது. சிவப்புப் பேருந்து ஈரமாகவே வெளியே வந்தது. குழந்தை அதன்மேல் உள்ளங்கையை வைத்து நன்றாகத் தேய்த்து, அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற வளர்மதிக்கு அது எட்டாத தூரம். டிஸ்க்கில் அறிவிப்புக்கு வேண்டிய மூச்சு மட்டும்தான் இருந்தது. அதட்டுவதற்கு வளர்மதியின் நெஞ்சு வேண்டும்.

"சஹானா! கையை எடு!"

அது வளர்மதியின் வாயிலிருந்து வந்தது.

குழந்தை கையை இறக்கினாள். டிஸ்க்கைப் பார்த்தாள். பிறகு அடுப்படியைப் பார்த்தாள். "அம்மா திட்டுது," என்று அழுதுகொண்டே ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். சேலையெல்லாம் சிவப்பு.

கொஞ்ச நேரம் கழித்து, இடுப்பில் குழந்தையோடு வளர்மதி, "சாப்பிட வாங்க!" என்று பேருந்து நிலைய அறிவிப்பின் ராகத்திலேயே கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். தவமணி எழுந்தான். வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது.

"பஸ் எவ்வளவு நேரம் நிக்கும்மா?" என்று நடத்துநர் எட்டிக் கேட்டார்.

"சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நிக்கும்," என்றாள் வளர்மதி.

ஜன்னல் வழியாக இடம் பிடிக்க ஒரு துண்டு பறந்து வந்து தவமணியின் நாற்காலியில் விழுந்தது. அவன் தட்டை மேசை ஓரத்தில் வைத்து, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, நின்றுகொண்டே சாப்பிட்டான்.