வெளிச்சம் ஒட்டிய இடங்கள்

ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு ஏறுகிறது, முதலில் பின்பக்கம், பிறகு ஓரங்கள், பிறகு நெற்றிக்கு நேரே, கறுப்பாக இருக்க வேண்டிய ஒரு தலைக்குள் யாரோ அறை அறையாக சுவிட்சைப் போட்டுக்கொண்டே போகிற மாதிரி, ஸ்கேன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அணைந்துவிடு, அணைந்துவிடு என்று முணுமுணுக்கிறேன், முணுமுணுத்தேன், இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். என் பிழைப்பே அந்த வெளிச்சம்தான், மறதி நோயில் மூளைக்குள் படிகிற அழுக்கைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து, கொஞ்சம் கதிர்வீச்சு ஏற்றி ஊசி போட்டால் அழுக்கு இருக்கும் இடம் மட்டும் ஒளிரும், இருட்டுதான் நலம், வெளிச்சம்தான் நோய், தயாரானதுமே கதிர் தேயத் தொடங்கிவிடும், ஈயப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓட வேண்டும், அந்த ஓட்டத்தில் கல்யாண நாள்களை நான் மறந்தேன், அவர் மறக்கவில்லை, அப்போதெல்லாம் அவர் எதையும் மறந்ததில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத தலைகள் வேண்டும், ஊசி என்றதும் ஒருவரும் வரவில்லை, அந்த மாதிரி நேரத்தில் வீட்டு ஆட்களைக் கூட்டிவருவது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம், ஒருவர் மாமனாரை, ஒருவர் அத்தையை, நான் என் கணவர் ஆவுடையப்பனை. உடை மாற்றிய அறையின் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வந்தார், கரண்டு சும்மாவா வருது என்று வீட்டிலும் என் பின்னாலேயே வந்து அணைக்கிறவர், ஏட்டி, என் மண்டையில ஒண்ணுமில்லன்னு கல்யாணம் ஆனதுலேருந்து சொல்லுத, இப்ப படம் புடிச்சே பாத்துரு என்று ஏறிப் படுத்தார், தலையை நேரா வைங்க என்றேன், வைத்தார், இடப்பக்கம் சாய்ந்தது, தூக்கத்திலும் அப்படித்தான்.

படத்தில் பெயர் இருக்காது, வெறும் எண், ஆனாலும் இடப்பக்கம் சாய்ந்த அந்தத் தலையை எனக்கா தெரியாது. என்ன மேடம், நல்லா இருக்கறவங்க தலையிலயும் ஒட்டுது, மருந்து சொதப்பிடுச்சா என்றாள் படம் பார்க்கும் டாக்டர் ரெஹானா, ஆமாம்மா, சொதப்பிடுச்சு என்றேன், என் தோல்வியை அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, மற்றவர்கள் கூட்டிவந்த மாமனாரும் அத்தையும் படத்தில் இருட்டாக இருந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். மருந்தின் மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றினேன், மறுபடி செய்தேன், மறுபடி அவர் வந்து படுத்தார், மறுபடி விளக்கு ஏறியது, பொய்யாகப் போயேன் என்று என் கையால் செய்ததையே சபித்தேன்.

வருஷம் திரும்பியதும் எல்லோருக்கும் ஞாபகப் பரீட்சை, சில சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்பார்கள், அந்த ஒரு எண் மட்டும் தடுமாறியது. ரெஹானா ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள், மேடம், மருந்து சொதப்பவே இல்ல, மறதி வர்றதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்திருக்கு, யாரோ மைசூர்பாகு வாங்கி வந்தார்கள், கைதட்டினார்கள், நானும் தட்டினேன், பாவம், யாரு அந்த ஆளு என்று ஒரு குரல், கையிலிருந்த பாகைத் தாளில் மடித்து வைத்தேன், ஒட்டுகிற மருந்து செய்தேனே தவிர துடைக்கிற மருந்து என்னிடம் இல்லை, அவரிடம் என்ன சொல்வேன், எப்படிச் சொல்வேன்.

தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்குகிறேன், பொழுது இன்னும் முழுதாகச் சாயவில்லை, எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு ஏறுகிறது, முதலில் பின்பக்கம், பிறகு ஓரங்கள், பிறகு வாசலுக்கு நேரே. ஏங்க, என்னத்துக்கு எல்லா லைட்டும் என்றேன், எதையோ தேடுனேன் ஏட்டி, என்னத்தன்னுதான் பிடிபடல என்று சிரித்தார், தலை இடப்பக்கம் சாய்ந்தது, விளக்கை அணைக்கப்போன கையை எடுத்துக்கொண்டேன், சரி வாங்க, நானும் தேடுதேன் என்று சொல்லி, அவர் போடாமல் விட்டிருந்த ஒரே விளக்கையும் போட்டேன்.