கரண்டியைத் தூக்க ஆறு பேர்

"ரிம்விதாஸா? அப்படி யாரையும் தெரியாதும்மா. ராங் நம்பர்."

விலியா அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் எதிர்முனை அடங்கிவிட்டது. இதோடு இரண்டாவது ஆள். முதல் ஆள் அந்த 'ம்மா'வைக்கூடச் செலவழிக்கவில்லை.

அஞ்சலி மண்டபத்தின் வாசல் நடையில், ஈரக் கோட்டுகள் தொங்கும் வரிசைக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். ஒரு கையில் அவளுடைய போன், இன்னொரு கையில் அண்ணனுடைய பழைய பட்டன் போன். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தது அந்த போனும், அவன் வேலை பார்த்த கொதிகலன் அறையின் சாவிக்கொத்தும், சட்டைப் பையில் கிடந்த ஒரு சின்ன அலுமினியக் கரண்டியும்தான். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுக்காக இருக்கும் என்று நினைத்து, எல்லாவற்றையும் கைப்பைக்குள் போட்டிருந்தாள்.

போனில் 'அம்மா' இருந்தது, 'விலியா' இருந்தது, 'கொதிகலன்' இருந்தது. மீதியெல்லாம் ஆணி, தவளை, முள்ளங்கி, பாதிரி, ஒட்டகம் என்று இப்படியே போனது. காய்கறிக் கடையும் மிருகக்காட்சி சாலையும் ஒரே கூரையின் கீழ் வந்ததுபோல இருந்தது பட்டியல். ஆணியும் தவளையும் ரிம்விதாஸைத் தெரியாது என்று சொல்லியாகிவிட்டது.

மண்டபத்துப் பொறுப்பாளர் பிரோனியுஸ் செருப்புச் சத்தம் கேட்காமல் வந்து நின்றார். அந்த வேலைக்கென்றே பிறந்த நடை.

"பத்தரை ஆச்சும்மா. ஒரு மணிக்குப் பெட்டியை எடுக்கணும். தூக்க உங்க ஆளுங்க வர்றாங்களா, இல்ல எங்க பசங்களைச் சொல்லிடட்டுமா?"

"கூலிக்கு ஆள் வேண்டாம்!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. எண்பத்தோரு வயதில் ஸ்தனிஸ்லவாவுக்குக் கண்தான் மங்கலே தவிர, காது பாம்புச் செவி. "என் புள்ள யாருமில்லாத அநாதையா? ஒருத்தன்கூடவா பழகியிருக்க மாட்டான்?"

பெட்டியை ரத்த சொந்தம் தூக்குவதில்லை. நண்பர்கள், அக்கம்பக்கம், கூட வேலை செய்தவர்கள் தூக்க வேண்டும். அந்த ஆறு பேர் யார் என்பதைத்தான் ஊர் பார்க்கும். ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு வேறு சான்றிதழ் கிடையாது. பேட்டை வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பும் அந்தக் கொதிகலன் அறையில் அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்குக் குடலிறக்கம். இன்னொருவர், "நவம்பர் குளிர்ல அடுப்பை விட்டுட்டு எப்படிம்மா வர்றது? பாதி ஷாஞ்சாய்ப் பேட்டை விறைச்சுப் போயிடும்" என்றார். அதுவும் நியாயம்தான்.

விலியா கதவு வழியாக உள்ளே பார்த்தாள். மெழுகுவர்த்திகளுக்கு நடுவில், அம்மா பிடிவாதமாக வாங்கிய சாம்பல் நிறக் கோட்டில் ரிம்விதாஸ் படுத்திருந்தான். ஐம்பத்தொரு வயது. மாரடைப்பு. துக்கப் பாட்டு பாட வந்த மூன்று பெண்கள் தேநீர் இடைவேளையில் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் அம்மா வீட்டுக்கு வருவான். சூப் குடிப்பான், குழாய் ஒழுகினால் சரி செய்வான், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். கல்யாணம் இல்லை. மற்ற ஆறு நாள் அவன் எங்கே, யாரோடு இருந்தான் என்று விலியா கேட்டதில்லை. இப்போது அவளுக்குத் துக்கத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளும் ஆவல்தான் அதிகமாக இருந்தது. அண்ணன் உள்ளே கிடக்கும்போது இப்படி ஒரு ஆவலா என்று அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

ஒரு காலத்தில் அவன் இப்படி இல்லை என்பது மட்டும் ஞாபகம் உண்டு. சோவியத் காலத்தின் கடைசி வருஷங்கள். பதினேழு வயதில் ஒருநாள் தலையின் இரண்டு பக்கமும் மழித்து, நடுமுடியைச் சர்க்கரைத் தண்ணீரால் சேவல் கொண்டைபோல நிறுத்திக்கொண்டு வந்தான். பங்க்! கலகப் பாட்டுக்காரப் பையன்களின் கோலம். கோடையில் அந்தத் தலையைக் குளவி துரத்தும். தெருவில் போலீஸ் துரத்தும். வீட்டில் அப்பா துரத்தினார். "தலை படிஞ்ச பிறகு வீட்டுக்கு வா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வரவில்லை. விலியாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அவள் மூன்றாவது எண்ணை அழுத்தினாள். முள்ளங்கி.

"நோட்டரி அலுவலகம், சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

விலியா பட்டன் போனில் எண்ணை மறுபடி சரிபார்த்தாள். "மன்னிச்சுக்கோங்க… முள்ளங்கின்னு… என் அண்ணன் போன்ல இருந்துச்சு. அவர் தவறிட்டார். ரிம்விதாஸ்."

"ரிம்விதாஸ்… தெரியலையேம்மா. பிளம்பரா?"

"இல்லைங்க. ஷாஞ்சாய் கொதிகலன் அறையில வேலை. உயரமா இருப்பார். ரொம்பப் பேச மாட்டார்."

எதிர்முனையில் யாரோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"கரண்டியா?" என்றது குரல், மிக மெதுவாக. "எங்க கரண்டியா?"

"கரண்டியா?" என்று விலியா திருப்பிக் கேட்டாள்.

"முந்தாநாள் பேப்பர்ல அறிவிப்பு போட்டிருந்தீங்களா? ரிம்விதாஸ், அம்பத்தோரு வயசுன்னு?"

"ஆமா."

"பார்த்தேனே! காபி குடிச்சுக்கிட்டே பார்த்தேன். யாரோ பாவம், நம்ம வயசுன்னு பக்கத்தைத் திருப்பிட்டேனே பாவி!" அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு மணி. ஆனா தூக்க ஆள்…"

"வர்றோம். யாரையும் தொட விடாதே. வர்றோம்."

பன்னிரண்டுக்கு வந்தார்கள். ஆறு பேர். நடையில் காலடிச் சத்தம் கேட்டதும் பாட்டுக்காரப் பெண்கள் ஒரு சரணத்தைப் பாதியில் விழுங்கினார்கள். ஐந்து ஆண்கள், ஒரு பெண். பெண் நோட்டரிக்குரிய கறுப்பு உடையில் இருந்தாள், காதில் மட்டும் வரிசையாக நாலு வளையம். ஆண்களில் மூன்று பேர் பழைய தோல் ஜாக்கெட்டை எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டியிருந்தார்கள். ஒருவருக்கும் ஜிப் ஏறவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்த மொட்டைத் தலையர் ட்ராலிபஸ் ஓட்டுநரின் சீருடையிலேயே இருந்தார். கையில் ஏழு வெள்ளைப் பூ.

அம்மா கண்ணை இடுக்கிப் பூவைத்தான் முதலில் பார்த்தாள். "ஒத்தப்படையில கொண்டு வந்திருக்கான் பாரு, பொண்ணு பார்க்க வர்றவன் மாதிரி. செத்தவங்களுக்கு ரெட்டப்படையில்ல?"

"ஆளுக்கொண்ணு வாங்கினோம்மா. ஒட்டகம் அயர்லாந்துல இருக்கான், அவனுக்கும் சேர்த்து" என்றார் மொட்டைத் தலையர், பள்ளிக்கூடப் பையனைப்போலத் தலையைத் தொங்கப்போட்டு. நோட்டரி ஒரு பூவை உருவித் தன் உடையில் குத்திக்கொண்டாள். கணக்கு சரியானது. பூவைப் பெட்டியின் காலடியில் வைத்துவிட்டு அவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"கோட்டெல்லாம் போட்டு… கட்சிக்காரன் மாதிரி ஆக்கிட்டாங்களேடா" என்றார் ஒருவர்.

"தவளை, வாயை மூடு. அம்மா இருக்காங்க" என்று அதட்டினார் மொட்டைத் தலையர்.

தவளையா? அப்படியென்றால் மொட்டைத் தலையர்? காலையில் போனில் கேட்ட குரல்போலத்தான் இருந்தது.

"நீங்கதான் ஆணியா?" என்று விலியா கேட்டாள்.

அவர் முகம் சிவந்தது. "காலையில நீதான் பேசினியா தங்கச்சி? மன்னிச்சுக்கோ. வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன், யாரோ ரிம்விதாஸ்னு சொல்றாங்கன்னு… எங்களுக்கு அவன் பேரே தெரியாதும்மா."

"முப்பத்து நாலு வருஷமாவா?"

"அப்போல்லாம் போலீஸ் ஒருத்தனைப் புடிச்சா மத்தவன் பேரைக் கேட்டு அடிப்பான்" என்றாள் முள்ளங்கி. "தெரியாததை எப்படிச் சொல்றது? அதனால யாரும் யாரையும் பேர் கேக்கறதில்லைன்னு வச்சிருந்தோம். நாடு மாறிச்சு, போலீஸ் மாறிச்சு. அதுக்கப்புறம் போய் உன் பேர் என்னடான்னு கேக்க வெட்கமா இருந்துச்சு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை அவன் கொதிகலன் அறைக்குப் போவோம். கதகதப்பா இருக்கும். நாங்க பேசுவோம், அவன் கேட்டுக்கிட்டு இருப்பான்."

ஆக, அங்கேயும் அவன் பேசவில்லை. அது ஏனோ விலியாவுக்கு ஆறுதலாக இருந்தது.

"அதென்ன, கரண்டி?"

"குண்டாந்தடியால போலீஸ் அடிக்க வந்தப்போ கரண்டியைக் காட்டி மிரட்டினான்" என்றார் ஆணி.

"அடப் புளுகா, அது பாதிரி. இவன் கரண்டியால மேளம் வாசிப்பான், அதான்" என்றார் தவளை.

"உனக்குத்தான் அன்னைக்கே காது கேக்காது. இவனா மேளம் வாசிச்சான்?"

"ரெண்டும் பொய்" என்றாள் முள்ளங்கி. "நாங்க ஏழெட்டுப் பேர் ஒரு இடிஞ்ச வீட்டு அடித்தளத்துல இருந்தோம். முதல் குளிர்காலம். வீட்ல சேர்க்காத கேஸ் எல்லாம் அங்கதான். சாயங்காலமானா இவன் எங்கேயோ போயிட்டு வருவான். கோட்டுக்குள்ள மூணு லிட்டர் ஜாடி, சூடா சூப். கூட ஒரே ஒரு சின்னக் கரண்டி, குழந்தைங்க சாப்பிடறது. பிடியில கோழிக்குஞ்சு படம் இருக்கும். அந்த ஒரு கரண்டிதான் சுத்தி வரும். ஆளுக்கு ஒரு வாய், அடுத்தவனுக்குக் குடு. ரெண்டு வாய் எடுத்தா அடி விழும். எங்கேருந்துடான்னு கேட்டா, என் தங்கச்சி ஜன்னல்லேருந்து கயித்துல இறக்குவா, அப்படின்னான்."

விலியா கைப்பையைத் திறந்தாள்.

ஜாடி ஞாபகம் இருந்தது. அப்பா தொலைக்காட்சி முன்னால் குறட்டை விட்டதும், மூன்றாவது மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து வலைப்பையில் ஜாடியை வைத்து, தன் ஸ்கிப்பிங் கயிற்றில் கட்டி இறக்கியது ஞாபகம் இருந்தது. கீழே இருட்டில் அந்தக் கொண்டைத் தலை மட்டும் தெரியும். கரண்டிதான் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிடியில் தேய்ந்து தேய்ந்து ஒரு அலகும் ஒரு காலும் மட்டும் மிச்சமிருந்தன. மழலையர் பள்ளியில் அவள் சாப்பிட்ட கரண்டி.

அவள் அழுதாள். மூன்று நாளாக வராத அழுகை.

"அம்மா, உனக்குத் தெரியாம நான்தான்…"

"எனக்குத் தெரியாமலா?" ஸ்தனிஸ்லவா மகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு பேர் சாப்பிடற வீட்ல தினம் பெரிய பானை நிறைய சூப் வச்சது யாரு? உங்கப்பா கேட்டார், எதுக்கு இத்தனைன்னு. நாளைக்கும் ஆகும்னேன். நாளைக்குன்னு என்னைக்காவது மிஞ்சியிருக்கா?"

"கரண்டியைத் தொலைச்சேன்னு என்னைத் திட்டினியே!"

"உங்கப்பா பக்கத்துல இருந்தாரு."

பிரோனியுஸ் தொண்டையைச் செருமினார். ஒரு மணி ஆகிவிட்டது. தூக்கும் ஆறு பேரில் ஒருவர் பெண் என்பதைப் பார்த்துத் தயங்கினார். "பெண்கள் தூக்கற வழக்கமில்லை…"

"எங்க கூட்டத்துல வழக்கம்னு ஒண்ணு இருந்ததேயில்ல சார்" என்றாள் முள்ளங்கி.

"அவ தூக்கட்டும்" என்றாள் அம்மா.

மூடியைப் போடுமுன் விலியா குனிந்து, கரண்டியை அண்ணனின் கோட்டுப் பைக்குள் வைக்கப் போனாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க அவனுக்கு எதுக்குடி? குடு இங்க."

ஆறு பேரும் தூக்கினார்கள். ஆணி உயரம், தவளை குள்ளம். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "டேய், தூக்கிப் பிடிடா, கரண்டி வழுக்கறான்" என்று ஆணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதைப் பாட்டுக்காரப் பெண்கள் கேட்காததுபோல இருந்தார்கள். வாசலில் நின்ற அக்கம்பக்கத்தார் விலகி வழிவிட்டார்கள். ஜாக்கெட்டையும் காது வளையங்களையும் அவர்கள் வாய் திறந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள் விலியா.

கல்லறையில் ஈர மணலை ஆளுக்கொரு பிடி போட்டார்கள். தற்காலிகச் சிலுவையில் இருந்த பெயரை ஆணி எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.

"ரிம்விதாஸ். நல்ல பேராத்தான் இருக்கு."

சாப்பாடு பக்கத்துத் தெரு உணவகத்தில். முட்டைக்கோஸ் சூப் வருவதற்குள் முள்ளங்கி பையிலிருந்து நோட்டரிப் பேனாவை எடுத்துத் தவளையிடம் நீட்டினாள். ஒரு காகிதக் கைக்குட்டையையும் நகர்த்தினாள்.

"எழுது. முழுப் பேர். அடுத்த தடவை பேப்பர் பார்க்கறப்போ எனக்குத் தெரியணும்."

யாரும் சிரிக்கவில்லை. தவளை முழங்கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுவதுபோல எழுதினார். ஆணி எட்டிப் பார்த்தார்.

"யுவோசபாஸா? நீயா? புனிதர் பேராடா உனக்கு?"

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. அடுத்த மேசையில் பாட்டுக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காகிதம் கை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கேலி, ஒரு ஆச்சரியம். விலியா ஒவ்வொரு பெயரையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சூப் வந்தது. எல்லோருக்கும் முன்னால் பெரிய எவர்சில்வர் கரண்டிகள் இருந்தன. ஸ்தனிஸ்லவா தன்னுடையதைத் தள்ளி வைத்தாள். அங்கியின் பையிலிருந்து அந்தச் சின்னக் கரண்டியை எடுத்து கைக்குட்டையால் துடைத்தாள். நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு பத்தல" என்றாள். பிறகு கரண்டியைப் பக்கத்தில் இருந்த ஆணியிடம் நீட்டினாள்.