டாக்டர் டீ குடிக்கப் போகும் நேரம்

தொற்றுநோய் டாக்டர் வார்டுக்குள் கால் வைத்ததும் அங்கிருக்கும் அத்தனை காய்ச்சலும் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலுக்கு இறங்கிவிடும். வெளியே போனதும் பழைய இடத்துக்கே ஏறிவிடும். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். நோய் ஒன்றும் குணமாவதில்லை, கிருமி எங்கோ போய் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். ஊரார் கைராசி என்றார்கள். டாக்டருக்கோ வயிற்றெரிச்சல். காய்ச்சலை ஆராயக் கிளம்பிய மனிதர் ஒரு காய்ச்சலைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்றால் யாரிடம் சொல்லி அழுவது? அவர் தன் கையால் எடுத்த ரத்தத்தில் எந்தக் கிருமியும் வளராது. நர்சுகள் எடுத்தால் வளரும். ஆய்வுக் கட்டுரைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. "என் மூஞ்சி கிருமிக்கே பிடிக்கல போல" என்று மாநாடுகளில் பிறர் சிரிப்பதற்குள் தானே சொல்லிவிடுவார். ஆனாலும் வார்டில் தனக்குத் தனி மரியாதை என்றொரு நினைப்பு அவருக்கு இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு தரம், "டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்று விழுந்து விழுந்து உபசரித்தார்களே.

அவருடைய பத்து வயது மகள் காய்ச்சலில் படுத்தபோது டாக்டர் கட்டிலை விட்டு நகரவே இல்லை. அவர் கையைப் பிடித்திருக்கும்வரை அவள் உடம்பு ஜில்லென்று இருந்தது; ஆள் மட்டும் நாளுக்கு நாள் துரும்பாகிக்கொண்டு வந்தாள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே நர்சுகள் மூன்று முறை ரத்தம் எடுத்தும் ஒன்றும் வளரவில்லை. என்ன கிருமி என்று தெரியாமல் கொடுத்த இரண்டு மருந்தும் கேட்கவில்லை. பிள்ளை கையை விட்டுப் போய்விடுவாள் என்று அவருக்கே புரிந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் நோய்க்குப் பேர் சொல்றீங்க, நம்ம புள்ளைக்கு என்னன்னு சொல்லத் தெரியலையே" என்றாள் மனைவி.

ஒன்பதாம் நாள், ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் லேப் அக்காவே வந்து நின்றாள். "சார், போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"இப்ப போய் டீயா?"

"கோச்சுக்காதீங்க சார். இத்தனை வருஷமா நீங்க டீக்குப் போற நேரத்துலதான் நாங்க ரத்தம் எடுக்கறோம். நீங்க இருந்தா கிருமி வெளிய வராது."

டாக்டர் ஆறு வேளை டீயையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பிறகு மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு எழுந்து போனார். கதவு சாத்தியதும் காய்ச்சல் நூற்றுநாலுக்கு ஏறியது. "அப்பா, குளிருது, உள்ள வாங்கப்பா" என்று அவள் பல் கிட்டக் கூப்பிட்டாள். இரண்டு கையிலும் ரத்தம் எடுத்து முடியும்வரை, பேப்பர் கப்பைப் பிடித்தபடி அவர் கதவுக்கு வெளியே நின்று அழுதார். டீ ஆறி ஆடை கட்டியது.

இரண்டே நாளில் கிருமி வளர்ந்தது. சரியான மருந்து கிடைத்தது. அடுத்த வாரம் மகள் எழுந்து உட்கார்ந்து, தன்னை விட்டுவிட்டு டீ குடிக்கப் போன அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

வாழ்நாளில் ஏற்கப்பட்ட அவரது ஒரே கட்டுரை அந்தக் கிருமியைப் பற்றியதுதான். முதல் பெயர் லேப் அக்காவுடையது. செய்முறைப் பகுதியில், டாக்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் மாதிரிகள் எடுக்கப்பட்டன என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். எத்தனை நிமிடம் என்று மட்டும் இதழிலிருந்து கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு என்று பதில் போட்டுவிட்டு டாக்டர் டீ குடிக்கப் போனார்.