சோனா தொட்டி

கேம்பல் பேயில் அம்மா வீட்டு லீவை முடித்துக்கொண்டு போர்ட் பிளேருக்குத் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், எங்கள் கழிவுநீர் நிலையத்தின் இரண்டாவது தொட்டி உலைபோலக் கொதித்துக்கொண்டிருந்தது. காற்றே படக் கூடாத தொட்டி அது.

நான் பவானி, இங்கே கெமிஸ்ட். ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற இடம்தான். ஆனாலும் சொல்கிறேன், ஊரிலேயே அழகான இடம் இது. முதல் தொட்டியில் காற்றை ஊதுவோம். அங்கே கிருமிகள் கழிவிலிருக்கும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டாவதில் காற்றே கிடையாது. மூச்சுக்கு வழியில்லாத கிருமிகள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை உருவிக்கொள்ளும். மிஞ்சுகிற நைட்ரஜன் சின்னச் சின்னக் குமிழியாக மேலே வந்து, சத்தமில்லாமல் வானத்தோடு கலந்துவிடும். மத்தியான வேளையில் பார்த்துக்கொண்டு நின்றால், தண்ணீருக்கடியில் யாரோ படுத்து மூச்சு விடுவதுபோல இருக்கும். எத்தனையோ நாள் நானும் அப்படியே சொக்கி நின்றிருக்கிறேன்.

"யாரு இதுக்குக் காத்து விட்டது?"

"நாந்தான் மேடம்!" பெருமையாக வந்து நின்றார் விஜயராஜ். நான் லீவில் இருந்தபோது தூத்துக்குடியிலிருந்து வந்த புது சூப்பர்வைசர். மோட்டார் என்றால் புலி, கிருமி சமாச்சாரம் புதிது. கண் இரண்டும் கோவைப்பழம். கடிகாரம் விடியவில்லை என்று சொல்லும்போதே இங்கே வெயில் ஏறிவிடுவதால், வந்த நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கமே இல்லை.

வெளியேறும் நீரை எடுத்து மருந்து விட்டுச் சோதித்தேன். ரோஸ் மில்க் போல நிறம் ஏறியது. அவ்வளவும் நைட்ரேட். இது அலையாத்தி ஓடையில் கலந்தால் பாசி மண்டி மீனெல்லாம் மூச்சுத் திணறும்.

விஜயராஜின் முகம் செத்துவிட்டது. "கம்பெனியில இருந்து போன் வந்துச்சு மேடம். வியாழக்கிழமை சாம்பிள்ல தேறலைன்னா ஊருக்குத் திரும்பிரணுமாம். அன்னைக்கு வர்ற கப்பல்லதான் என் வீட்டுக்காரி சாமான் சட்டியோட வாரா. அதே கப்பல்ல நாங்க ரெண்டு பேரும் திரும்பணுமா?"

"அது சரி, இதுக்குக் காத்து விடச் சொல்லி யாரு சார் சொன்னா?"

"பழைய சூப்பர்வைசர் பிஸ்வாஸ் தாதா போறப்பச் சொன்னாரே! 'தூஸ்ரா டாங்க் கோ சோனா ஹை, கியால் ரக்னா'ன்னு. சோனான்னா தங்கம்லா? நகைக்கடை விளம்பரத்துல கேட்டிருக்கேன். ரெண்டாவது தொட்டி தங்கம், நல்லாப் பாத்துக்கன்னு சொல்லுதாருன்னு, பெரிய மோட்டாரையே இதுக்குத் திருப்பிட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த மைனா பறந்துவிட்டது. "அரே சார்! சோனான்னா தங்கமும்தான், தூங்குறதும்தான். ரெண்டாவது தொட்டி தூங்கணும்னு சொல்லிருக்காரு. நீங்க அதைத் தூங்கவே விடலையே!"

"நானும்தான் தூங்கலை மேடம்" என்றார். அதற்குமேல் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

காற்றை நிறுத்தினோம். கலக்குகிற துடுப்பு மட்டும் சோம்பலாகச் சுற்றியது. அன்று சாயங்காலம் கொதிப்படங்கிய தொட்டி நீரில் ஒரு மேகம் அப்படியே தெரிந்தது. மறுநாள் ரோஸ் மில்க்கில் தண்ணீர் சேர்ந்த மாதிரி நிறம் இளைத்தது. சின்னக் குமிழி ஒன்று எழும்பியது. பிறகு இன்னொன்று. வேலை இல்லாத நேரமெல்லாம் விஜயராஜ் தொட்டிக்கரையிலேயே கிடந்தார். இருட்டினால்தான் வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை சாம்பிளில் நிறமே ஏறவில்லை. வெறும் தண்ணீர்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சொல்ல ஓடினேன். பாதாம் மரத்தடி பெஞ்சில் அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொட்டியும் அவரும் ஒரே மாதிரி மூச்சு விடுவதாக எனக்குத் தோன்றியது. துறைமுகத்தில் கப்பல் ஊதியது. தோளைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டு, அவர் மனைவியை அழைத்துவர எங்கள் ஜீப்பை அனுப்பினேன்.

கவிப்ரியா ஜீப்பிலிருந்து இறங்கும்போதே பொரிந்தாள். "அக்கா, அவுக எங்க? கட்டுனவளைக் கூப்பிடக்கூட வரலை! அப்படி என்ன வேலை?"

நான் உதட்டில் விரல் வைத்து பெஞ்சைக் காட்டினேன். வாய்ப்பழக்கத்தில் இந்தி வந்துவிட்டது. "உஸ்கோ சோனா ஹை."

"தங்கமா?" என்றாள் அவள். திறந்த வாயும் கலைந்த தலையுமாகக் கிடந்த புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

திருத்தலாம் என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

"ஆமாம்மா, தங்கம்தான். கப்பலேறித் திரும்ப வேண்டாம்னு எந்திரிச்சதும் சொல்லு."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.