லைன் கிளியர் இல்லாமல்

முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாளே காந்திமதிக்கு வாத்தியார்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் சாயங்காலம் எப்படித்தான் சட்டை கிழியாமல் வீடு திரும்புகிறார்களோ! அவளிடம் இருந்தவை இரண்டே இரண்டு. மூத்தவள் செண்பகம், இளையவன் சீனு. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த இரண்டுக்கும் பகலெல்லாம் நாட்டாமை செய்வதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிடும்.

லீவின் முதல் வாரத்திலேயே சீனு அப்பாவின் சிவப்புக் கொடியை எடுத்துப் போய்த் தெருவில் நின்று பால்காரர் சைக்கிளை நிறுத்தினான். பச்சைக் கொடி அக்காவிடம் இருந்தது. அவள் அப்போது அவனோடு பேசாமல் இருந்ததால் கொடியைக் காட்ட மறுத்துவிட்டாள். பச்சை விழுகிறவரைக்கும் போகக்கூடாது என்று பால்காரரின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அவன் தொங்க, கேன் சாய்ந்து பாதித் தெருவுக்குப் பாலாபிஷேகம் ஆகிவிட்டது.

"ஏம்மா, உன் ஊட்டுக்காரரு ரயிலத்தான் நிறுத்துவாரு. இவன் ஊரையே நிறுத்துவான் போலக்கிதே" என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

காந்திமதியின் புருஷன் கோதண்டபாணி, ஜங்ஷனில் சிக்னல் லீவர் இழுக்கிற கேபின்காரர். வாரத்தில் வியாழக்கிழமை மட்டும் ரெஸ்ட். அந்த ஒரு வியாழக்கிழமையைப் பற்றி அவளுக்கு வெகுநாளாக ஓர் ஆசை இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நகை இல்லை, புடவை இல்லை, சினிமாகூட இல்லை. புருஷனும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவேளை சூடாகச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் மாமியார் இருந்தார். ஆம்பிளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள். மாமியார் போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டன. ஊட்டி முடித்து, சிந்தியதைத் துடைத்து, புருஷனுக்குப் பரிமாறி, அவள் உட்காரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். எதிரே ஆள் இருக்காது. ரசத்தில் அடிவண்டல் மட்டும் இருக்கும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கோதண்டபாணியின் தங்கை அம்சா திண்டிவனத்தில் இருந்தாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். லீவுக்கு அத்தை வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவது ஊரில் இல்லாததா?

"வியாழக்கெழம காலைல பாசஞ்சர்ல கூட்டிக்கினு போய் விட்டுட்டு, மத்தியானத்துக்குள்ள வந்துருங்க. நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."

கோதண்டபாணி அவளை நிதானமாகப் பார்த்தார். எதையும் அவர் நிதானமாகத்தான் பார்ப்பார். "ஒண்ணா உக்காந்து சாப்புடறதுக்கு எதுக்குடி திண்டிவனம் வரைக்கும் போவணும்?"

"இந்த ரெண்ட வச்சிக்கினு இங்க உக்கார முடியுமா, நீங்களே சொல்லுங்க."

சீனு அப்போது அவர் தோள் மேல் ஏறி அவர் காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டிருந்தான். அவர் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். "சரி, அம்சாவுக்கு ஒரு கார்டு போட்டுடறேன்."

"ஐயோ, கார்டா? கார்டு போட்டா உங்க தங்கச்சி வெள்ளையடிக்கிறேன், மொளகா இடிக்கிறேன்னு ஏதாவது சாக்கு சொல்லும். சொல்லாம போய் வாசல்ல நின்னா யாரு தள்ளுவாங்க?"

இதில்தான் ஒரு விசித்திரம். அடுத்த ஸ்டேஷன்காரர் பாதை காலி என்று லைன் கிளியர் கொடுக்காமல் ஒரு காலி கூட்ஸ் வண்டியைக்கூட விழுப்புரத்திலிருந்து நகர விடமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒழுங்கிலேயே ஊறியவர் கோதண்டபாணி. அப்பேர்ப்பட்டவர், திண்டிவனத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று கேட்காமலே, துணிப்பையும் இரண்டு பிள்ளைகளுமாகப் பாசஞ்சரில் ஏறிவிட்டார்.

வண்டி போன பிறகு வீட்டில் விழுந்த அமைதியைக் காந்திமதி கொஞ்சநேரம் நின்று கேட்டாள். அண்டங்காக்கை கத்துவதுகூட இனிமையாக இருந்தது. தலைக்குக் குளித்தாள். நெத்திலிக் கருவாடு, கத்தரிக்காய், புளிப்பு மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த வாசனைக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு ரகளை செய்யும் என்பதால், கோதண்டபாணி அதைச் சாப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டது. அடுத்த வீட்டு இருதயமேரி கொல்லையிலிருந்து வாழையிலை வாங்கி வந்து நறுக்கி, கூடத்தில் எதிரெதிராகப் போட்டாள். போட்டுவிட்டு, ஒன்று சற்றுக் கோணலாக இருக்கிறதென்று நகர்த்தி வைத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

அம்சா நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சக்கரபாணி, திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் கணக்குப் பிள்ளை; வெயிலில் வறுபட்டு அவரே ஒரு வேர்க்கடலையைப் போல இருந்தார். முன்னால் அவர்கள் பிள்ளைகள் அரங்கநாதனும் பாஞ்சாலியும். சக்கரபாணியின் கையில் ஒரு பெரிய துணிப்பை.

"என்னா அண்ணி, இப்பிடி மெரண்டு போய் நிக்கறீங்க? உள்ள வரலாமா கூடாதா?"

"வா அம்சா, வாங்க அண்ணா" என்று காந்திமதியின் வாய் சொன்னது. அவள் மனசு அப்போது திண்டிவனத்தில், பூட்டிய கதவு ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அம்சா கூடத்துக்குள் வந்தாள். எதிரெதிரே கிடந்த இரண்டு இலைகளைப் பார்த்தாள். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி! நாங்க வர்றோம்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இல்லை, இது எனக்கும் உன் அண்ணனுக்கும் என்று சொல்ல அரை நிமிஷம் இருந்தது. ஆனால் நாத்தனாரிடம் அதை எந்த வாயால் சொல்வது? "காலைலேர்ந்தே யாரோ வர்ற மாதிரி மனசுல பட்டுக்கினே இருந்துச்சு" என்றாள் காந்திமதி.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று அம்சா புருஷனை இடித்தாள். "உங்க தங்கச்சிங்க இருக்கே, வாசப்படி மிதிச்சா தண்ணி குடுக்குதா? எங்க அண்ணிய பாருங்க, எலையே போட்டு வச்சிருக்கு!"

சக்கரபாணி கருவாட்டு வாசனை வந்த திசையைப் பார்த்துப் பக்தியோடு தலையாட்டினார்.

"அண்ணன் எங்க? பசங்கள காணோம்?"

ஒரு பொய்யைச் சொன்னவளுக்கு அடுத்தது தானாக வந்தது. "உங்களத்தான் லீவுக்குக் கூட்டிக்கினு வரலாம்னு திண்டிவனம் போயிருக்காரு. பசங்களும் தொத்திக்கிச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அம்சாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "அண்ணனா? என்னக் கூப்புடவா? கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தடவ வந்து கூப்பிட்டதில்ல அண்ணி. நாங்க பசங்கள உட்டுட்டு சாயந்தரமே போயிடலாம்னுதான் வந்தோம். வூட்டுக்கு வெள்ளையடிக்கணும். ஆனா அண்ணனே கூப்புட வந்துருக்குன்னா… இருந்து நாலு நாள் கழிச்சித்தான் போவேன்."

அந்த இரண்டு இலைகளில் அம்சாவும் சக்கரபாணியும் உட்கார்ந்தார்கள். காந்திமதி பரிமாறினாள். சக்கரபாணி பேசவே இல்லை, குழம்பை மூன்றாம் முறை வாங்கியபோது மட்டும், "நெத்திலி புதுசா தங்கச்சி?" என்று கேட்டார். அரங்கநாதனும் பாஞ்சாலியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தயிர்சோறு கேட்டன. ஆக, பிள்ளைகளை வெளியேற்றிய வீட்டில் அதே அளவில், அதே மூக்கைப் பிடிக்கிற பழக்கத்தோடு, வேறு இரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரே ஒரு வித்தியாசம், இவற்றை அதட்ட முடியாது. நாத்தனார் பெற்றதை அதட்டினால் அது சித்திரையில் ஆரம்பித்துத் தைப் பொங்கல் வரைக்கும் பேச்சாக இருக்கும். பாஞ்சாலி தயிர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது, "பரவாயில்ல கண்ணு" என்று காந்திமதி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க சாப்புடல அண்ணி?"

"அவரு வந்துரட்டும்."

"புருஷன் சாப்புடாம இவங்க வாயில போடமாட்டாங்க!" என்று அம்சா மறுபடி புருஷனை இடித்தாள். பானையில் ஒன்றும் மிச்சமில்லை என்பதை அவள் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும்தான் பூட்டிய வீட்டின் நினைவு அம்சாவுக்கு வந்தது. "ஐயோ, அண்ணன் வெயில்ல நிக்குமே! நீங்க ஜல்தியா பஸ்ஸப் புடிச்சுப் போங்க. கதவத் தொறந்து தண்ணி குடுத்து, கையோட கூட்டிக்கினு வாங்க."

சக்கரபாணி, வயிறு நிறைந்த மனிதனுக்குரிய வருத்தத்தோடு சாவியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

திண்டிவனத்தில் கோதண்டபாணி, சிக்னல் விழாத வண்டியைப் போல, பூட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். கடைத்தெருவுக்குப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று நினைப்பு. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் மத்தியானத் தூக்கம் கலைந்து வெளியே வந்து, "அவங்கதான் உங்க ஊட்டுக்குப் போனாங்களே!" என்று சொன்ன பிறகுதான் எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தார். அவர் ஏறிய பாசஞ்சரும் சக்கரபாணி ஏறிய பஸ்ஸும் விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கோதண்டபாணியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். காந்திமதி வாசலுக்கு ஓடினாள். உள்ளே போவதற்குள் புருஷனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆனால் சீனு அதற்குள் அவள் கைக்குக் கீழே புகுந்து கூடத்தில் நின்றுவிட்டான்.

"அத்த! ஒரு வாரம் உங்க வூட்ல விட்டுட்டு வரேன்னு அப்பா கூட்டிக்கினு போனாரு. நீங்க இங்க இருக்கீங்க! எங்கள எங்க விடுறது?"

பின்னாலேயே வந்த செண்பகத்தின் கையிலிருந்த துணிப்பையை அம்சா பார்த்தாள். அதற்குள் மடித்து வைத்த பாவாடைகளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். கேபினில் அதற்கு வேலை இல்லை. அவர் உத்தரத்தைப் பார்த்தார்.

"அண்ணி…"

காந்திமதிக்குக் காது சூடேறியது.

அம்சா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளையடிக்கறதெல்லாம் பொய்யி அண்ணி. இந்த ரெண்டும் லீவு விட்டதுலேர்ந்து ஒரே பேஜாரு. சொல்லிட்டு வந்தா நீங்க ஏதாவது சாக்கு சொல்லுவீங்கன்னு சொல்லாம கெளம்பினேன். இப்ப பாருங்க, நாலும் இங்கதான் இருக்கு. அந்த மனுஷன் மட்டும் அங்க ஃபேனப் போட்டுக்கினு மல்லாக்கப் படுத்திருப்பாரு."

அப்படித்தான் படுத்திருந்தார். கடைசி பஸ் போய்விட்டது என்று காரணம் சொல்லி, மறுநாள் வழுவழுவென்று சவரம் செய்துகொண்டு வந்து சேர்ந்தார். அந்தக் கோடையில் அமைதியை அனுபவித்தவர் அவர் ஒருவர்தான். அது வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.

உண்மை தெரிந்த பிறகும் அம்சா இலைக் கதையை மாற்றவில்லை. காதுகுத்து, கல்யாணம் எங்கே போனாலும், "எங்க அண்ணிக்கு மனசுல படும்" என்று சொல்வாள். சொல்லும்போது காந்திமதியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவாள். கோதண்டபாணியின் பதினாறாம் நாள் காரியத்தில்கூடச் சொன்னாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவருக்கு அதிகக் கோடைகள் இருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவருக்குத் தெரிந்ததெல்லாம் பசி.

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல காந்தி. பசங்களுக்கு ஸ்டேஷன்ல பன்னு வாங்கிக் குடுத்தேன்."

காந்திமதி அவசரமாக ரவையை வறுத்து உப்புமா கிளறினாள். கிளறும்போதே சீனு அரங்கநாதனின் தலையில் சிவப்புக் கொடியைக் கட்டினான். பாஞ்சாலி பம்பரத்தைத் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டாள். எதற்கென்று தெரியாமல் செண்பகம் அழுதாள். காந்திமதி புருஷனுக்கு ஒரு தட்டு வைத்தாள். இன்னொரு தட்டை எடுத்தாள். ஒரு கணம் யோசித்தாள். அதை அவருக்கு எதிரே வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா அண்ணி, அண்ணனுக்குப் போட்டுட்டு அப்புறம் உக்காரக் கூடாதா?" என்று அம்சா சீண்டினாள்.

"பசி உயிர் போவுது அம்சா. நானும் காலைலேர்ந்து ஒண்ணும் திங்கல." அன்றைக்கு அவள் சொன்ன முதல் உண்மை அதுதான்.

கோதண்டபாணி எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலாகத் தங்கையிடம், பூட்டு எப்படி இருந்தது, கெங்கம்மாள் என்ன சொன்னாள், பேரணி ஸ்டேஷனில் வண்டியை எவ்வளவு நேரம் நிறுத்திப் போட்டுவிட்டான் என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காந்திமதி ஒரு வாய் வைப்பதற்குள் பாஞ்சாலி தண்ணீர் கேட்டாள். எழுந்து போய்க் கொடுத்தாள். உட்கார்ந்தாள். குடத்துப் பம்பரத்தை எடுக்கப் போன சீனு குடத்தோடு சாய்ந்தான். எழுந்து போய் அவனைத் தூக்கி, முதுகில் ஒன்று வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு வந்தாள்.

வந்து பார்த்தால் புருஷனின் தட்டில் உப்புமா அப்படியே இருந்தது. பேச்சும் நின்றிருந்தது. பிசைந்த கை தட்டின் மேலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீ வரட்டும்னுதான்" என்றார். பிறகு ஏதோ ரகசியம் சொல்கிறவரைப் போலக் குரலைத் தாழ்த்தி, "உப்பு போடல காந்தி" என்றார்.

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். ஒரு கல்கூட இல்லை. உப்பு எடுக்கக் கையை ஊன்றிக்கொண்டு எழப் போனாள்.

"உக்காரு" என்றார் அவர். "மறுபடி எழுந்தா நாலுல ஒண்ணு ஏதாவது பண்ணும்."

அவள் உட்கார்ந்தாள். இருவரும் அந்த உப்பில்லாத உப்புமாவைத் தட்டில் ஒட்டியதுவரை வழித்துச் சாப்பிட்டார்கள்.