ஐந்து நிமிஷ விஷயம்

ஞானவேலின் வீட்டில் ஒரே சமயத்தில் மூன்று பேருக்கு மேல் இருக்க முடியாது. நான்காவது ஆள் உள்ளே கால் வைத்ததும் மற்ற மூவரில் ஒருவருக்குக் கிளம்ப நேரமாகிவிடும். பம்மலில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இப்படித்தான். தண்ணீர் நன்றாக வருகிறது. அதனால் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் மாறி மாறி ஷிஃப்ட். மனைவி சுகந்தி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். மகள் மிருதுளா பிளஸ் டூ, அது போக மூன்று டியூஷன். மகன் அகிலனுக்குப் பதினோரு வயதுதான், ஆனாலும் ஸ்கேட்டிங், கீபோர்டு, அபாகஸ் என்று வீட்டிலேயே அவன்தான் பிசி. ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருப்பார். வாசலில் எப்போதும் ஆறு செருப்புகள்தான் கிடக்கும். வெளியே எங்காவது சந்திக்கலாமே என்றால், வெளியே இருக்கும்போது நால்வரும் நான்கு திசையில் போய்க்கொண்டிருப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மிருதுளா அவனிடம் வந்தாள்.

"அப்பா, எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"இப்ப இல்ல. நாலு பேரும் ஒண்ணா இருக்கும்போதுதான் சொல்வேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்."

சொல்ல வேண்டியதை அவள் வலது கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள். கன்னம் எலுமிச்சம்பழ அளவுக்கு உப்பியிருந்தது. அதை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இட்லி தின்றாள், பிசிக்ஸ் படித்தாள், டியூஷனுக்குப் போனாள்.

இரண்டு வாரத்தில் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

"கரைஞ்சுக்கிட்டே வருதுப்பா" என்றாள்.

ஞானவேல் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். மார்க்கா, காதலா, உடம்புக்கு ஏதாவதா? என்னவாக இருந்தாலும் சரி, முழுசாகக் கரைவதற்குள் கேட்டாக வேண்டும். அதற்கு நால்வருக்கும் பொதுவாக ஐந்து நிமிஷம் கிடைக்க வேண்டும். நேரத்தை ஒழுங்கு பண்ண ஏதாவது வாங்கிவிடுவது என்று முடிவு செய்தான்.

முதலில் காலண்டர் வாங்கினான். ஒவ்வொரு தேதிக்கும் நான்கு கட்டம் போட்ட பெரிய காலண்டர். ஆனால் மாட்டுவதற்கு ஆணி இல்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். மாதம் ஒருமுறை வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஹாலில் ஒரே ஒரு ஆணி இருந்தது. அது முன்பு குடியிருந்த ரகோத்தமனுடையது. அக்ரிமென்ட்டிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்து அந்த ஆணியில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு மணி நேரம் பனியனோடு உட்கார்ந்திருப்பார். அவரையும் சேர்த்துத்தான் மூன்று பேர். அதனால் அந்த ஒரு மணி நேரமும் குடும்பத்தில் கூடுதலாக ஒருவர் தெருவில் நிற்க வேண்டிவரும்.

"சார், அந்த ஆணியில ஒரு காலண்டர் மாட்டிக்கட்டுமா?" என்று ஞானவேல் கேட்டான்.

"அப்ப என் சட்டை?"

"சட்டையைப் போட்டுக்கிட்டே உக்காரலாமே சார்."

"அதுக்கு நான் என் வீட்லயே உக்காந்துக்குவேனே" என்றார் ரகோத்தமன்.

அதில் நியாயம் இருப்பதாக ஞானவேலுக்குப் பட்டது. காலண்டரைக் கையிலேயே பிடித்துக்கொள்வதென்று ஆயிற்று. யார் எப்போது பிடிப்பது என்பதைக் காலண்டரில் எழுதினார்கள். கட்டங்கள் அத்தனையும் நிரம்பிவிட்டன.

அடுத்தது, போனில் ஒரு ஆப். சுகந்திதான் இறக்கினாள். ஆளுக்கொரு நிறம். நால்வரும் தங்கள் வேலைகளையெல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்தார்கள். புதன்கிழமை பதினொன்று நாற்பதுக்கு ஞானவேலின் போன் டிங் என்றது. அவன் கிடங்கில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

'நீங்கள் நால்வரும் இப்போது ஒன்றாக இருந்தீர்கள். எப்படி இருந்தது?'

கீழே ஐந்து நட்சத்திரங்கள். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. சொந்தக் குடும்பத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாதென்று ஐந்தையும் தொட்டுவிட்டான். சாயங்காலம் பார்த்தால் சுகந்தி மூன்றுதான் கொடுத்திருந்தாள்.

"ஏன் சுகந்தி மூணு?" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"நீங்க போனையேதானே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவனால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

"மிருது ஏதாவது சொன்னாளா?"

"அவ அழுதா. ஏன்னு கேக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சுடுச்சு" என்றாள் சுகந்தி. மிருதுளாவோ தான் அழவில்லை என்றாள். அவள் கன்னத்தில் இப்போது பட்டாணி அளவுதான் இருந்தது.

இனி தாமதிக்க முடியாது. ஞானவேல் பஸ் பிடித்து, தாம்பரத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கும் நேரப் பொருள் அங்காடிக்குப் போனான். உள்ளே நீளமான நடை. இரண்டு பக்கமும் டைரிகள் மாதவாரியாக அடுக்கியிருந்தன. ஜனவரியில் நுழைந்தவன் வேகமாகத்தான் நடந்தான். கவுன்டருக்குப் போய்ச் சேரச் செப்டம்பர் ஆகிவிட்டது. அங்கே பரிமளா என்று பெயர் அட்டை குத்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாக்கறீங்க சார்?"

"எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை ஒண்ணு. நாலு பேருக்கு."

"நாலு பேரும் ஒரே நேரத்துலயா?"

"அதுக்குத்தான் மேடம் பலகையே."

"அப்ப நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க. சேர்ந்து வந்தாத்தான் தருவோம்."

"சேர்ந்து வர முடியலன்னுதானே மேடம் வாங்க வந்திருக்கேன்."

"அப்ப உங்களுக்குக் கண்டிப்பா தேவைதான் சார்" என்று அவள் பரிவோடு ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள்.

அதில் 'நோக்கம்' என்ற இடத்தில், மகள் ஒன்று சொல்ல வேண்டும் என்று எழுதினான். எண்பத்தெட்டாம் எண் டோக்கன் கிடைத்தது. மேலே சிவப்பு எழுத்தில் பதினான்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் நம்பிக்கையில்லாமல்தான் சுகந்திக்குப் போன் பண்ணினான்.

"அங்க வந்து என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். காத்திருக்கணும், அவ்வளவுதான்."

"காத்திருக்கத்தானே? அதுக்கு வரலாம்" என்றாள் சுகந்தி.

இது ஞானவேலுக்கு விளங்கவேயில்லை. நால்வரில் யாருக்கும் எதற்கும் நேரம் கிடையாது. காத்திருப்பதற்கு மட்டும் எல்லோரிடமும் இருந்திருக்கிறது. அரை மணியில் சுகந்தி வந்தாள், மிருதுளா வந்தாள், கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அகிலன் வந்தான். பெஞ்சில் மூன்று பேருக்குத்தான் இடம். இடித்துப் பிடித்து நால்வரும் உட்கார்ந்தார்கள். யார் எழுந்து போகப் போகிறார் என்று ஞானவேல் காத்திருந்தான். யாரும் போகவில்லை.

சுகந்தி கைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்தாள்.

"உங்களுக்கு எப்பங்க நரைச்சுது?"

"எந்தப் பக்கம்?"

"அம்மா, அப்பா இவ்வளவு உயரமா?" என்றான் அகிலன்.

ஞானவேலுக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. இப்படி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று பார்க்கக் கையில் காலண்டர் இல்லையே என்று நினைத்துக்கொண்டான். மேலே எண்பத்தேழு வந்தது.

"அப்பா" என்று மிருதுளா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப நாலு பேரும் இருக்கோம்."

"இப்பவே சொல்லிட்டா விண்ணப்பம் செல்லாது சார்" என்று கவுன்டரிலிருந்து குரல் வந்தது. "நோக்கம் முடிஞ்சு போயிடும்."

ஞானவேல் பரிமளாவைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். எண்ணைப் பார்த்தான்.

"இன்னும் ஒரு ஆளுதாம்மா. பலகையை வாங்கிட்டுப் போய் முறையா உக்காந்து கேக்கறோம். கொஞ்சம் பொறுத்துக்க."

"சரிப்பா" என்று மிருதுளா எச்சில் விழுங்கினாள்.

எண்பத்தெட்டைக் கூப்பிட்டார்கள். நால்வரும் எழுந்து போனார்கள். பரிமளா சின்ன டார்ச் ஒன்றை எடுத்தாள்.

"வாயைத் திறம்மா." வலது கன்னத்தைப் பார்த்தாள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே சார்."

விண்ணப்பத்தில் 'நோக்கம் இல்லை' என்று முத்திரை விழுந்தது.

"என்னம்மா சொல்ல வந்தே?" என்று ஞானவேல் கேட்டான்.

"ஞாபகம் இல்லப்பா. அஞ்சு நிமிஷ விஷயம்தான். விடுங்க."

அவள் அப்படி விடுங்க என்றதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஒரு பலகைக்காகப் பெண்ணின் பேச்சை விழுங்க வைத்துவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"வேற நோக்கம் இருந்தா மறுபடி உக்காருங்க சார்" என்று பரிமளா புது டோக்கன் கொடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. மேலே மறுபடியும் பதினான்கு வந்திருந்தது.

பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். முறுக்கு தீர்ந்துவிட்டது. அப்போதுதான் ஞானவேல் கவனித்தான். மிருதுளாவின் இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"அது என்னம்மா?"

"தெரியலப்பா. இப்பத்தான் வந்துது."

"பழசா?"

"இல்ல. இது வேற."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கேட்டீங்கன்னா ஒரு நிமிஷம்."

மேலே பதினான்குக்கு அடுத்து இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

"இருநூத்திப் பன்னெண்டு!" என்றாள் பரிமளா.

ஞானவேல் டோக்கனைத் தொடைக்கு அடியில் தள்ளி அதன் மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டான். யார் அது என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தான். சுகந்தியும் பார்த்தாள். அகிலன் திரும்பிப் பின்னாலேயே பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

"இருநூத்திப் பன்னெண்டு இருக்கீங்களா?" பரிமளா நேராக அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இன்னும் வரல மேடம்" என்றான் ஞானவேல். மகள் பக்கம் திரும்பினான். "நீ சொல்லும்மா."