ஒரு முழம் கூடுதல்

பேருந்துக்குள் போட்ட சமையல் மேடை மூன்றாவது தடவையும் பொருந்தாமல் போனதற்குத் தச்சர் காரணமில்லை. முந்தின நாள் அளந்ததைவிட அன்று காலை பேருந்து ஒரு முழம் நீண்டிருந்தது. வெளியே சுவரோரம் நிறுத்தியது நிறுத்தியபடிதான் நின்றது. உள்ளே மட்டும்தான் நீளம். அளவெடுக்கத் தெரியாதவருக்குக் காதில் பென்சில் ஒரு கேடா என்று டிரைவர் கிண்டல் செய்தார். தச்சர் நாலாவது மேடைக்குப் பலகை இழைக்க ஆரம்பித்தார்.

பேருந்து கண்டக்டரம்மாவுடையது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதில்தான் டிக்கெட் கிழித்தார். அதை ஓட்டிய டிரைவர்தான் அவருடைய கணவர். இருவரும் ஓய்வுபெற்ற வருஷமே வண்டியும் ஏலத்துக்கு வந்தது. கண்டக்டரம்மா யோசிக்கவே இல்லை, வாங்கிவிட்டார். இதிலேயே குடியிருந்து ஊர் சுற்றப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொன்னார். விஷயம் வேறு. சில வருஷங்களுக்கு முன் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, இந்த வீட்டில் உங்களுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தியவர் இவர். மகளுக்கும் அதே ரோஷம். அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அவள் வீட்டுக்கு வரமாட்டாள் என்றால் வீடே அவளிடம் போகட்டும் என்பதுதான் கண்டக்டரம்மாவின் கணக்கு.

வேலை அமர்க்களமாக நடந்தது. பயணிகள் பை வைத்த மேல்தட்டு துணி அலமாரியானது. சக்கரத்து மேட்டை மூடிப் பாத்திரப் பெட்டி வந்தது. கைப்பிடிக் கம்பியில் கரண்டிகள் தொங்கின. கடைசி வரிசை இருக்கையைக் கட்டிலாக்கினார்கள். மணிக்கயிற்றை இழுத்தால் அடுப்படி விளக்கு எரியும்படி டிரைவர் வயர் இழுத்தார். அன்று முழுக்க அதை இழுத்து இழுத்துப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

நாலாவது மேடையை உள்ளே வைக்கும் முன்தான் குட்டு வெளிப்பட்டது. தச்சரும் டிரைவரும் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு டேப் பிடித்திருந்தார்கள். டீ கொண்டுவந்த கண்டக்டரம்மா பழக்கதோஷத்தில் சொன்னார்: "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு."

டேப் தச்சர் கையிலிருந்து ஒரு முழம் தானாக ஓடியது. அவர் அம்மாவை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு முழம். மூச்சுவிட இடமில்லாத நெரிசலில் ஆயுள் முழுக்க அந்தப் பொய்யைக் கேட்டு வந்த வண்டி, ஆளிறங்கிக் காலியான பிறகு அதை மெய்யாக்கிக் காட்டுகிறது என்று மூவருக்கும் விளங்கியது. தச்சருக்கு ஆச்சரியத்தைவிட நிம்மதிதான் அதிகம், பழி போயிற்று. மேடையைப் புது அளவுக்கு நீட்டி முடுக்கி முடிக்கும்வரை அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கண்டக்டரம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமானதிலிருந்து அப்படியொரு அமைதியை டிரைவர் கண்டதில்லை. சாயங்காலத்துக்குள் அவருக்கே அது சலித்துவிட்டது.

அலமாரிக் கதவொன்று பாக்கி இருந்ததால் தச்சரும் கூடவே கிளம்பினார். மகள் தெருவில் பேருந்து வந்து நின்றதும் ஜன்னலெல்லாம் திறந்தன. மகள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். பேரக் குழந்தையைக் கண்டக்டரம்மா பார்ப்பது அதுதான் முதல் தடவை. பின்னால் மருமகன் தயங்கி நின்றான். மகள் ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கரண்டிகள், கட்டில், மணிக்கயிறு எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க ரெண்டு பேருக்கே சரியாப் போச்சு. நாங்க எங்கம்மா நிக்கிறது?"

வழி நெடுக மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்துவந்ததெல்லாம் கண்டக்டரம்மாவுக்கு மறந்துபோனது. கடைசியில் வந்தது அந்தப் பழைய குரல்தான்.

"உள்ள போம்மா, உள்ள எடம் இருக்கு. மாப்பிள்ள, நீங்களும் உள்ள போங்க. உள்ள எடம் இருக்கு."

அழுதுகொண்டே சொன்னார், நிறுத்தாமல் சொன்னார். மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவே தரை முழம் முழமாக விரிந்தது. பக்கத்துக்கு இரண்டாக ஜன்னல்கள் வந்து ஓர் அறையே ஆனது. மகள் மற்றொரு காலையும் படியில் எடுத்து வைத்தாள். தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு புதுத் தரையில் மண்டியிட்டு, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பீர்கள் என்று அவளிடம் கேட்டார்.